யாருக்கும் ஞாபகமில்லாத ஆல்பங்களும், பம்பாயில் பதிவான பத்து ராகங்களும்

கேள்வி சுருக்கமாக இது: "என்னைச் சுற்றி இருப்பவர்கள் யாரும் கேள்விப்பட்டிராத பழைய ஆல்பங்கள் மேல்தான் எனக்குப் பைத்தியம். உண்மையிலேயே நல்லதாக இருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்து போயிருக்குமா, நீ வித்தியாசமாகக் காட்டிக்கொள்ளத்தான் இதையெல்லாம் கேட்கிறாய் என்கிறார்கள். அப்படித்தானா?"

காட்டிக்கொள்வது பற்றிப் பிறகு வருகிறேன், அதில் உங்கள் நண்பர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் "நல்லது என்றால் மறந்திருக்காது" என்பது சுத்தமாகத் தப்பு. அதை முதலில் முடித்துவிடலாம்.

ஒரு இசைத்தட்டு ஜனங்கள் நினைவில் நிற்க வேண்டுமென்றால் முதலில் அது கடைக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் மட்டும் போதாது, வானொலியில் யாராவது நாலு தடவை போட வேண்டும், முதலில் அடித்தது விற்றதும் இன்னும் கொஞ்சம் அடிக்கும் அளவுக்கு நிறுவனத்திடம் காசும் மனசும் இருக்க வேண்டும், நிறுவனம் கைமாறும்போது மாஸ்டர் டேப், அதாவது முதலில் பதிந்த மூல நாடா, எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்த ஒருவராவது வேலையில் மிச்சம் இருக்க வேண்டும், அந்த அலமாரி இருக்கும் கட்டடம் எரியாமலும் இருக்க வேண்டும். 2008 ஜூனில் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகம் தீப்பிடித்தபோது ஒரு கிடங்கில் இருந்த மாஸ்டர் டேப்புகள் போயின; இழப்பு எவ்வளவு பெரியது என்ற பேச்சே 2019-இல்தான் வெளியே வந்தது. இந்த வரிசையில் எங்கேயும் "பாட்டு நன்றாக இருக்கிறதா" என்ற கேள்வி வரவே இல்லை பாருங்கள்.

லிண்டா பெர்ஹாக்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் பெவர்லி ஹில்ஸில் ஒரு பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். அங்கே வந்து போனவர்களில் லெனர்ட் ரோசன்மேன் என்ற சினிமா இசையமைப்பாளரும் ஒருவர். இந்தப் பெண் பாட்டு எழுதுவார் என்று தெரிந்ததும் வாங்கிக் கேட்டுப் பார்த்தார், பிடித்துப்போய் ஆல்பமே போட்டுக்கொடுத்துவிட்டார். 1970-இல் வந்த 'பாரலலோகிராம்ஸ்' அதுதான். தலைப்புப் பாட்டில் ஒரே குரலை அடுக்கடுக்காகப் பதிந்திருப்பார்கள். நடுவில் தாளம், மெட்டு எல்லாம் கரைந்து வெறும் ஓசைகளாகப் போய், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மெட்டுக்குத் திரும்பும். அந்தக் காலத்தில் இதை ஒரு நாட்டுப்புற கிட்டார் பாட்டுக்குள் வைக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஆனால் நிறுவனம் என்ன செய்தது என்றால், ஏ.எம். வானொலிக்கு ஒத்துவரும்படி ஒலியின் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் நறுக்கிவிட்டுத் தட்டை அடித்தது. கைக்கு வந்த தட்டைப் போட்டுக் கேட்ட லிண்டா அதைத் தூக்கி எறிந்துவிட்டார். பாடியவருக்கே சகிக்காத ஒலியில் வந்த தட்டை ஜனங்கள் வாங்கவில்லை என்றால் அதில் ரசனையைப் பற்றி என்ன தீர்ப்பு இருக்கிறது? அவர் தன்னிடம் வைத்திருந்த நாடாவிலிருந்து எடுத்து மறுவெளியீடு வந்த பிறகுதான் அந்த ஆல்பம் இப்படி இருக்கும் என்றே வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அவருடைய அடுத்த ஆல்பம் 2014-இல் வந்தது. 44 வருஷம்.

எமர்சன் சகோதரர்கள் கதை இன்னும் கொடுமை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஃப்ரூட்லேண்ட் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பம். பதின்ம வயதுப் பையன்கள் டானியும் ஜோவும் பாட்டுப் பாட்டு என்று அலைகிறார்கள் என்று அப்பா நிலத்தை அடமானம் வைத்துத் தோட்டத்திலேயே ஸ்டுடியோ கட்டிக்கொடுத்தார். 1979-இல் 'ட்ரீமிங் வைல்ட்' என்று ஆல்பம் போட்டார்கள். விற்பனை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, 1,600 ஏக்கர் நிலத்தில் 65 ஏக்கர்தான் மிஞ்சியது. விநியோகம் என்ற ஒன்றே இல்லாத ஊரில் இருந்துகொண்டு தட்டு அடித்தால் அப்படித்தான் ஆகும். 2008-இல் ஒரு சேகரிப்பாளர் ஸ்போகேன் நகரத்துப் பழைய பொருள் கடை ஒன்றில் அதைக் கண்டெடுத்தார், 2012-இல் மறுவெளியீடு வந்தது.

நம் பக்கத்தில் ரூபா பிஸ்வாஸ். கல்கத்தாக்காரர். கனடாவில் கால்கரி நகரத்தில் இருந்த சகோதரரைப் பார்க்கப் போன இடத்தில் பாடியதைக் கேட்டு, சரோத் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் ஆஷிஷ் கான் ஆல்பம் போடலாம் என்று இறங்கினார். அலி அக்பர் கானின் மகன் அவர். தம்பி பிரணேஷ் கான் தபலா. கனடாக்காரர்கள் கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்க, 1982-இல் 'டிஸ்கோ ஜாஸ்' வந்தது. நாலே நாலு பாட்டு. அதற்கு முந்தின வருஷம்தான் பாகிஸ்தான் பாடகி நாசியா ஹசனின் டிஸ்கோ ஆல்பம் இந்தியாவையே ஆட்டிவைத்திருந்தது, ஆகவே காலம் தப்பி வந்த சரக்கு என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனாலும் ஓடவில்லை. ரூபா ஒதுங்கிக் குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டார். பல வருஷம் கழித்து மகன் இணையத்தில் தேடியபோதுதான் அந்தப் பாட்டுகளை லட்சக்கணக்கானோர் கேட்டுக்கொண்டிருப்பதும், பழைய தட்டு நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறுவதும் வீட்டுக்குத் தெரியவந்தது. 2019-இல் அமெரிக்காவின் நூமெரோ குரூப் முறையாக மறுவெளியீடு செய்தது. 'ஆஜ் ஷனிபார்' பாட்டில் சரோத் உள்ளே நுழையும் இடத்தை இரவில் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். டிஸ்கோ என்று அலட்சியமாக உட்கார்ந்தவர்கள் எழுந்து அட்டையைத் தேடுவார்கள்.

சரி, நான் நின்று பேச விரும்புவது சரண்ஜித் சிங் பற்றி.

பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். பேஸ் கிட்டார், எலக்ட்ரிக் கிட்டார், அப்புறம் கீபோர்டு வகையறாக்கள். ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் என்று பெரிய பெயர்களுக்கெல்லாம் வாசித்திருக்கிறார், தனியாகக் குழு வைத்துக் கல்யாணக் கச்சேரிகளும் செய்திருக்கிறார். பட டைட்டிலில் இவர்கள் பெயர் வராது என்பது நமக்குப் புதிதல்ல. கோடம்பாக்கத்திலும் அதே கதைதான், பாட்டின் நடுவே வரும் ஒரு கிட்டார் துண்டை ஊரே முணுமுணுக்கும், வாசித்தவர் யார் என்று கேட்டால் ரெக்கார்டிங் தியேட்டரில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். சிங்குக்குப் புதுக் கருவி என்றால் ஆசை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் அப்போதுதான் வெளியிட்டிருந்த மூன்று பெட்டிகள் அவர் கையில் இருந்தன: ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர், டி.ஆர்-808 என்ற தாளப் பெட்டி, டி.பி-303 என்ற பேஸ் பெட்டி.

303 பற்றி ஒரு வார்த்தை. கூட வாசிக்க பேஸ் கிட்டார்காரர் இல்லாத தனி ஆளுக்காகச் செய்தது அது. ஸ்வரங்களை வரிசையாகப் பதிந்துவிட்டால் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். பிரச்சினை என்னவென்றால் அதில் வரும் ஒலி பேஸ் கிட்டார் போல இல்லவே இல்லை, ஏதோ ஈரமான ரப்பரை இழுத்து விட்டதுபோலக் கொழகொழவென்று இருக்கும். யாரும் வாங்கவில்லை, 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைத்த அதே பெட்டியை சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற மூன்று பேர் குழு வாங்கி, வேண்டுமென்றே குமிழ்களைத் திருகித் திருகி அந்தக் கொழகொழப்பையே பாட்டாக்கி, 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று தட்டாக வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகை அதிலிருந்துதான் கிளம்பியது.

இப்போது பம்பாய்க்கு வாருங்கள். வருஷம் 1982. சினிமா முழுக்க டிஸ்கோ. எல்லாரும் டிஸ்கோ போடுகிறார்கள், நாமும் அதே டிஸ்கோவை வைத்து வேறு ஏதாவது செய்தால் என்ன என்று சிங் யோசித்தார். தபலாவை நீக்கிவிட்டு, டிஸ்கோ தாளத்தை ஓடவிட்டு, மேலே ராகம் வாசிக்கலாம் என்று தீர்மானித்தார். மூன்று பெட்டிகளையும் ஒன்றோடொன்று இணைத்து ஒரே ஓட்டத்தில் ஓட வைத்தார். 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஹெச்.எம்.வி.யில், அதாவது நம் வீடுகளில் சொல்லும் அந்த நாய் மார்க் ரெக்கார்டில், வெளிவந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எடோ பவ்மன் என்ற டச்சு சேகரிப்பாளர் 2002-இல் டெல்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார், பிறகு மும்பையில் சிங்கையே தேடிப் போய்ச் சந்தித்தார், 2010-இல் தன் பாம்பே கனெக்ஷன் என்ற நிறுவனம் வழியாக மறுவெளியீடு செய்தார். ஐரோப்பாவில் கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முன்பே, அதே பெட்டிகள், அதே மாதிரி ஒலி! இது யாரோ மேற்கத்திய மின்னிசைக்காரர் செய்த குறும்பு என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். எழுபதை ஒட்டிய வயதில் சிங் ஐரோப்பிய மேடைகளில் போய் இதை நேரில் வாசித்தார். 2015-இல் காலமானார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு மனத்தாங்கல். "ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்த இந்தியர்" என்று ஒரு பட்டம் கட்டிவிட்டார்கள், அதற்குப் பிறகு யாரும் அந்த ஆல்பத்தை அதுவாகவே கேட்பதில்லை. சிகாகோப் பையன்கள் இந்தத் தட்டைக் கேட்டிருக்க வழியே இல்லை. சிங்குக்கும் அப்படி ஒரு வகை வரப்போகிறது என்று தெரியாது, அவர் மனதில் இருந்தது டிஸ்கோவும் ராகமும்தான். ஒரே பெட்டி உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு வேலைக்குப் போனது, ஒலி ஒன்றுபோல வந்தது, அவ்வளவுதான். முன்னோடி என்று சொல்லிவிட்டால் அந்த ஆல்பத்தின் மதிப்பு வேறு ஒரு ஊரில் வேறு சிலர் பின்னால் செய்ததை வைத்து முடிவாகிறது. இது மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்க் காதோடு கேட்டுப் பார்த்தால் அந்தப் பத்து ஹிந்துஸ்தானி ராகமும் வேறு விதமாகத் திறக்கும். பூபாளி நம் மோகனம். மால்கௌன்ஸ் ஹிந்தோளம். கலாவதி வலஜி. பைராகி ரேவதி. யமன் கல்யாணிக்குப் பக்கம், மதுவந்தி தர்மவதிக்குப் பக்கம், மேக் மல்ஹார் மத்யமாவதியை நினைவூட்டும். ஹிந்துஸ்தானி தோடி என்பது நம் தோடி இல்லை, சுபபந்துவராளியின் சொந்தக்காரர்; பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பைரவியும் அப்படித்தான், சிந்துபைரவி கேட்ட காதுக்குச் சட்டென்று பிடிபடும். அந்தப் பாட்டில் இயந்திரக் குரல் ஒன்று "ஓம் நம சிவாய" என்று சொல்வது கேட்கும். லலித்துக்கு மட்டும் நம்மிடம் நேர் ஜோடி கிடையாது: பஞ்சமமே இல்லை, சுத்த மத்யமமும் பிரதி மத்யமமும், அதாவது 'ம' ஸ்வரத்தின் இரண்டு வகையும், ஒட்டி ஒட்டி வரும்.

வெள்ளைக்காரர் காதில் அந்த 303-இன் கொழகொழப்புதான் முதலில் விழுகிறது, மேலே வரும் மெட்டு அவர்களுக்கு ஒரு கிழக்கத்திய அலங்காரம். நமக்கோ மேலே போவது மோகனம் என்று காது முதலிலேயே பிடித்துவிடுகிறது, அடியில் ஓடும் பேஸ் ஒரு விசித்திரமான தம்புரா மாதிரி சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகச் சொல்லும் வசதி உண்டு. கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் அதை ஜாரு என்று சொல்லிவிட்டு மேலே போவார்கள். கமகத்துக்கு ஏங்கும் ராகத்தின் கீழே, ஜாரு தெரிந்த ஒரு பெட்டி தற்செயலாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இந்த ஆல்பத்தின் சுவாரசியமே. யார் முதலில் என்ற பட்டிமன்றத்தில் அது காணாமல் போகிறது.

பத்தும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். மால்கௌன்ஸ் எனக்கு ஒட்டவில்லை, ஹிந்தோளத்துக்கு வேண்டிய நிதானத்தை அந்தத் தாளம் கொடுக்க மறுக்கிறது. யமன் கேட்க இதமாக இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. லலித்தும் மேக் மல்ஹாரும்தான் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம். அப்புறம் ஒன்று, வரிசையாகப் பத்தையும் கேட்டால் தாளம் ஒரே மாதிரி ஓடுவது சலிப்பூட்டும். ஒரு நாளைக்கு இரண்டு போதும். இப்படிக் குறை சொல்லிக் கேட்க முடிகிறதே, அதுதான் மறக்கப்பட்ட ஆல்பங்களில் எனக்குப் பிடித்த விஷயம். புகழ்பெற்ற ஆல்பத்தைக் கேட்கும்போது எந்தப் பாட்டு உசத்தி, எந்த இடத்தில் புல்லரிக்க வேண்டும் என்றெல்லாம் ஊர் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. இதில் அப்படி யாரும் சொல்லித்தரவில்லை, நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் ஊர் சொல்லாவிட்டால் கதை சொல்லிவிடும், அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மறக்கப்பட்ட ஆல்பங்களை விற்பவர்களுக்குப் பாட்டைவிடக் கதை சுலபமாக விற்கும் என்று நன்றாகத் தெரியும். டெட்ராய்ட்டில் கூலி வேலை பார்த்த ரோட்ரிகஸ், தனக்கே தெரியாமல் தென்னாப்பிரிக்காவில் நட்சத்திரமாக இருந்த கதை ஆவணப்படமாகி ஆஸ்கர் வாங்கியது, அதனால் அதை நான் இங்கே விரிக்கவில்லை. 1970-இல் வந்த 'கோல்ட் ஃபேக்ட்' நல்ல ஆல்பம், படம் இல்லாமலே நிற்கும். லூயிஸ் என்ற பாடகர் விஷயத்தில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. 1983-இல் 'லாமூர்' என்று ஒரு ஆல்பம், முணுமுணுப்பாக ஒரு குரல், பியானோ, கொஞ்சம் சிந்தசைசர். 2007-இல் கனடாவின் எட்மன்டனில் ஒரு சந்தையில் கிடைத்தது. தேடிப் போனால் லூயிஸ் என்பது புனைபெயர், நிஜப்பெயர் ராண்டல் வுல்ஃப், அட்டைப்படம் எடுத்த புகைப்படக்காரருக்குக் கொடுத்த காசோலை திரும்பிவிட்டது, ஆள் காணவில்லை. 2014-இல் மறுவெளியீடு செய்தவர்கள் அவரைக் கண்டுபிடித்துக் காசு கொடுக்கப் போனபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்ன ஒரு கதை! ஆல்பத்தைக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது, மழை நாளில் குறிப்பாக. ஆனால் கதை தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டினேன், தூங்கிவிட்டார். இந்தப் பரிசோதனையை நீங்களும் செய்யலாம்: கதையைச் சொல்லாமல் யாரிடமாவது போட்டுக் காட்டுங்கள். மூன்றாவது பாட்டில் அவர் "யார் இது?" என்று கேட்டால் ஆல்பம் தேறிவிட்டது.

நண்பர்கள் சொல்லும் காட்டிக்கொள்ளலும் இங்கேதான் வருகிறது. "இதெல்லாம் உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது" என்ற தொனியில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், சேகரிப்பாளர்கள் நடுவில் ரொம்பவே இருக்கிறார்கள். ஒரு ஆல்பம் மறுவெளியீடு ஆனதும் அவர்களுக்கு அது கசந்துபோகும், ஏனென்றால் கையில் இருந்த தட்டின் விலையும் தனக்கு மட்டும் தெரிந்த பெருமையும் ஒரே நாளில் இறங்கிவிடுகிறது. நீங்கள் அந்த ரகமா என்று கண்டுபிடிப்பது சுலபம். உங்களுக்குப் பிடித்த ஆல்பம் நாளைக்கு டீக்கடையில் ஒலித்தால் சந்தோஷப்படுவீர்களா, எரிச்சல்படுவீர்களா? சந்தோஷம் என்றால் நண்பர்களை விட்டுத்தள்ளுங்கள். எரிச்சல் என்றால் அவர்கள் சொல்வதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

வாஷ்டி பன்யன் என்ற ஆங்கிலேயப் பாடகி குதிரை வண்டியில் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் வடமேற்குத் தீவுகள் வரை போய், வழியில் எழுதிய பாட்டுகளை 1970-இல் ஆல்பமாகப் போட்டார். போணியாகவில்லை. இசையையே விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்க்கப் போனார். 1990-களின் கடைசியில் கணினி வாங்கிச் சும்மா தன் பெயரைத் தட்டிப் பார்த்தபோது, யார் யாரோ தன் ஆல்பத்தைத் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது. 2000-இல் மறுவெளியீடு, 2005-இல் 35 வருஷம் கழித்து இரண்டாவது ஆல்பம். அந்த "யார் யாரோ" எல்லாரும் பெருமைக்காகப் பொத்திவைத்திருந்தால் இது நடந்திருக்காது. அவர்கள் வெளியே பேசினார்கள், எழுதினார்கள், பிரதி எடுத்துக் கொடுத்தார்கள்.

யூட்யூப் வந்த பிறகு இந்த வேலையில் பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஜப்பானின் ஹிரோஷி யோஷிமுரா 1982-இல் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்', 1986-இல் 'கிரீன்' என்று அமைதியான கீபோர்டு ஆல்பங்கள் போட்டவர், ஜப்பானுக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாது, 2003-இல் இறந்துபோனார். பிறகு யாரோ ஏற்றிய 'கிரீன்' தானாகவே ஒவ்வொருவர் திரையிலும் வந்து நின்று லட்சங்களில் கேட்கப்பட்டது. நல்லதுதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இயந்திரம் பரிந்துரைப்பது யாரோ ஒருவர் ஏற்கெனவே மெனக்கெட்டு ஏற்றியதைத்தான். பெட்டிக்குள் கிடக்கும் கேசட்டை அதனால் எடுக்க முடியாது.

நம்மூர் நிலவரம் அதுதான். தமிழில் ஆல்பம் என்றாலே சினிமாப் பாட்டு, அதற்கு வெளியே வந்தது எல்லாம் ஓரத்தில்தான். ஏ.ஆர். ரஹ்மான் 'ரோஜா'வுக்கு முந்தின வருஷம், 1991-இல், மால்குடி சுபா பாட ஆங்கிலத்தில் 'செட் மீ ஃப்ரீ' என்ற ஆல்பத்துக்கு இசையமைத்தார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை, பெயர் பெரிதான பிறகு மறுபடி வெளியிட்டார்கள். அவர் ரஹ்மான் ஆனதால் அது பிழைத்தது. ஆகாதவர்கள் எத்தனை பேர்? வளைகுடாவிலிருந்து வந்த டூ-இன்-ஒன் வீட்டுக்கு வீடு பாடிய எண்பதுகளில், உள்ளூர்க் கோயில் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, மெல்லிசை, பட்டிமன்றம், படத்தின் கதைவசனம் என்று கேசட்டுகள் குவிந்தன. சின்னச் சின்ன நிறுவனங்கள், ஒரு கலைஞருக்கு ஒரே ஒரு கேசட், அட்டையில் முகவரிகூட முழுசாக இருக்காது. சினிமாவுக்குள்ளேயே மறந்துபோன ஆல்பங்கள் உண்டு, படம் வெளியாகாமல் பாட்டு மட்டும் வந்தவை. இளையராஜாவின் 'மணிப்பூர் மாமியார்' அப்படிப்பட்டது, படத்தைப் பார்த்தவர் இல்லை, பாட்டுக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அதுவும் பெரிய பெயரால் பிழைத்ததுதான்.

இதில் உங்களால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது, அதனால் கொஞ்சம் தொழில் விஷயம். எங்கேயும் பதிவே இல்லாத ஒரு கேசட் கையில் கிடைத்தால் அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை, அது நாடாவை உரசிப் படிக்கும் ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். நல்ல டெக்கில் அதைப் போடவே கூடாது. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், பழைய கேசட்டில் பெரும்பாலும் பசை காய்ந்து விழுந்திருக்கும், வேறு ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டலாம். போடுவதற்கு முன் ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, திருப்பிச் சுற்றிவிடுங்கள், இறுகிய நாடா தளரும். ஒலி மூடிப்போட்டதுபோல மந்தமாக இருந்தால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பதிந்த மெஷினின் ஹெட் சாய்வும் உங்கள் மெஷினின் சாய்வும் ஒத்துப்போகாமல் இருக்கலாம், ஹெட் பக்கத்து ஸ்குரூவை மிக லேசாகத் திருகினால் ஜாலராச் சத்தம் பளிச்சென்று வரும். எம்.பி.3 ஆக எடுக்காதீர்கள், வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளில் போட்டுத் தேய்ப்பது பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், தேய்த்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பாட்டைவிட முக்கியம் அட்டை. இரண்டு பக்கமும், மடிப்புக்குள்ளும், விலை, எண், அச்சகத்தின் பெயர் வரை படம் எடுங்கள். எல்.பி. என்றால் லேபிளுக்குப் பக்கத்தில் பாட்டு இல்லாத வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பல சமயம் கலைஞரின் பெயர் உலகத்தில் வேறு எங்கேயும் பதிவாகியிருக்காது.

உரிமை விஷயமும் உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் வெளியான வருஷம் முடிந்ததிலிருந்து 60 வருஷம். 1960-இல் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020-இன் முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாட்டும் மெட்டும் தனிக் கணக்கு, அவை எழுதியவர் இறந்த பிறகும் 60 வருஷம் நிற்கும். எண்பதுகளின் கேசட் எதுவும் இன்னும் உரிமைக்குள்தான் இருக்கிறது. உரிமையாளர் இருக்கும் இடம் தெரிந்தால் கேட்டுவிட்டு ஏற்றுங்கள், கலைஞர் உயிரோடு இருந்தால் கண்டிப்பாக முதலில் அவரிடம் போங்கள். பிரதி எடுத்துப் பத்திரமாக வைப்பதை மட்டும் எதற்காகவும் தள்ளிப்போட வேண்டாம், நாடா காத்திருக்காது.

எங்கே ஆரம்பிப்பது என்று நண்பர்கள் கேட்டால் ரூபாவில் ஆரம்பியுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். லிண்டா பெர்ஹாக்ஸை மறுவெளியீட்டில் மட்டும் கேளுங்கள். சரண்ஜித் சிங்கின் ஆல்பத்தை வரிசைப்படி கேட்காமல், மோகனம் தெரிந்தவர் என்றால் முதலில் பூபாளி, பிறகு மேக் மல்ஹார், அப்புறம் லலித். டிஸ்கோ தாளத்தைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வரும்போது அவர்களே சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள்.